இரவைக் கேட்கும் சரக்கு: லியேஜ் விமான நிலையம் வளர்ந்தது எதனால்?

பதிவு 1 · நெய்தல்

பெல்ஜியத்தின் கிழக்கே மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் லியேஜ், நிலக்கரியாலும் எஃகாலும் பெயர் பெற்ற நகரம். 1817ஆம் ஆண்டில் ஜான் காக்கரில் செரேனில் தொடங்கிய ஆலைகளின் வழிவந்த தொழில்தான் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. அந்தத் தொழில் தளர்ந்து உலைகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கிய காலத்தில், நகரத்துக்கு வெளியே பியர்சே என்ற இடத்தில் இருந்த படைத்தள ஓடுபாதையை பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியாவின் வட்டார அரசு சரக்குக்காக வளர்க்க முற்பட்டது. 1998இல் டிஎன்டி என்ற கூரியர் நிறுவனம் தன் ஐரோப்பிய வான்மையத்தைக் கொலோனிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. 2021இல் அந்த நிலையம் கையாண்ட சரக்கு ஏறத்தாழ 14 லட்சம் டன். பயணிகளைக் கொண்டு அளந்தால் இன்றும் அது சிறிய நிலையம்தான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அமைவிடம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராங்க்பர்ட் என்ற மூன்று பெரிய நிலையங்களுக்கு நடுவே இருக்கிறது, நெடுஞ்சாலைகள் அருகிலேயே குறுக்கிடுகின்றன, ஆகவே வளர்ந்தது என்பார்கள். இது உண்மைதான் என்றாலும் இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நான் நம்புகிறேன். லியேஜ் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. பெரிய நிலையங்கள் பல பூட்டிவைக்கும் நள்ளிரவை அது தருகிறது. வட்டார நிலையம் ஒன்று சரக்கு மையமாக வளரும் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஓடுபாதையின் நீளத்தையும் கிடங்கின் பரப்பையும் தாண்டி அந்த ஊர் தன் இரவைத் தரச் சம்மதித்ததா என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது. இதை இங்குள்ளவர்கள் ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 · பழைய கிடங்கன்

முப்பது ஆண்டுகள் சரக்கு முகவர் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒரு வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். வான்சரக்கு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று கூரியர் நிறுவனங்களின் விரைவுச் சரக்கு. மற்றொன்று முகவர்கள் வழியாக வரும் பொதுச் சரக்கு.

விரைவுச் சரக்கு முழுவதும் இரவை நம்பியே இயங்குகிறது. மாலை 6 மணிக்கு ஒரு நகரத்தில் வாங்கிய பெட்டி மறுநாள் காலை 10 மணிக்குள் இன்னொரு நகரத்தில் சேர வேண்டுமானால், நடுவில் கிடைப்பது இரவு மட்டுமே. விமானங்கள் இரவு 11 மணி தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக மையத்தில் இறங்கும். பெட்டிகள் பட்டைகளில் ஓடிப் பிரிந்து வேறு விமானங்களில் ஏறும். விடியுமுன் எல்லாம் திரும்பிப் பறந்துவிடும். 25 நகரங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 300 வழித்தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு மையத்தை வைத்தால் 25 வழித்தடங்கள் போதும். 1973 ஏப்ரல் 17 இரவு, ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் அமெரிக்காவின் மெம்ஃபிஸிலிருந்து இந்தக் கணக்கை வைத்துத்தான் 14 சிறு விமானங்களோடு 25 நகரங்களுக்குச் சேவையைத் தொடங்கியது. அன்று அது சுமந்தவை 186 பொதிகள். அதே மெம்ஃபிஸ் பின்னர் 1993 முதல் 2009 வரை உலகிலேயே மிக அதிகச் சரக்கைக் கையாண்ட நிலையமாக இருந்தது.

பொதுச் சரக்கின் நடைமுறை வேறு. அது முகவரின் கிடங்கில் ஒருநாள் காத்திருக்கும், பேலட் என்னும் சரக்குத் தட்டில் அடுக்கப்படும், சுங்கத் தாள்கள் சரியாகும் வரை நிற்கும். அதற்கு நள்ளிரவு கட்டாயமில்லை. ஆனால் அதற்கு வேறொன்று வேண்டும்: இறங்குவதற்கான நேர ஒதுக்கீடு, அதாவது ஸ்லாட். பெரிய நிலையங்களில் ஒரு பருவத்துக்கு ஒதுக்கப்பட்ட ஸ்லாட்டுகளில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயன்படுத்தாத நிறுவனம் அடுத்த பருவத்தில் அவற்றை இழந்துவிடும். பயணி விமானம் அட்டவணைப்படி பறக்கும். சரக்கு விமானம் சரக்கு இருக்கும்போது பறக்கும். ஆகவே சரக்கு நிறுவனங்களுக்கு இந்த விதி கழுத்துச் சுருக்கு. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் ஆண்டுக்கு 5 லட்சம் விமான இயக்கங்கள் (ஏறுதலும் இறங்குதலும்) என்ற வரம்பை எட்டிய 2017ஐ ஒட்டிய காலத்தில், ஸ்லாட்டை இழந்த சில சரக்கு விமானங்கள் லியேஜுக்கு வந்தன. எனவே லியேஜ் தந்தது இரவு மட்டுமன்று. நெருக்கடியில்லாத பகலையும் அது தந்தது.

பதிவு 3 · குறிஞ்சி

நெய்தல் அவர்களின் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஜெர்மனியில் ஹான் என்றொரு நிலையம் இருக்கிறது. அமெரிக்க வான்படை விட்டுச்சென்ற தளம். 3,800 மீட்டர் ஓடுபாதை. 24 மணி நேர அனுமதி. அதே மூன்று நகரங்களின் வளையம். அதாவது லியேஜிடம் இருந்த அனைத்தும் ஹானிடமும் இருந்தன. இருந்தும் அந்த மாநில அரசு தன் 82.5 விழுக்காட்டுப் பங்கை 2017இல் சீனாவின் எச்என்ஏ குழுமத்துக்கு விற்க நேர்ந்தது. 2021இல் அந்த நிலையம் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டது. இரவைத் தருவதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றால் ஹான் ஏன் விழுந்தது?

பதிவு 4 · நெய்தல்

நல்ல மறுப்பு. என் முதல் பதிவில் ஒரு படியை விட்டுவிட்டேன் என்பதை இது காட்டுகிறது.

ஹான் தன் இரவைத் தந்தது. ஆனால் அதை முழுமையாக வாங்கிக்கொள்ளும் ஒரு நிறுவனம் அங்கே வேர்கொள்ளவில்லை. அதன் வாழ்வு பெரும்பாலும் மலிவுக் கட்டணப் பயணி விமானங்களைச் சார்ந்திருந்தது. லியேஜுக்கு 1998இலேயே டிஎன்டி கிடைத்தது. ஒரு கூரியர் நிறுவனம் தன் பிரிப்புக் கூடத்தை ஓரிடத்தில் நிறுவினால், அதற்காக ஏற்றிறக்கும் பொறிகள், எரிபொருள் வசதி, பராமரிப்பு நிலையம், இரவிலும் பணியில் இருக்கும் சுங்க அலுவலர், வண்டி ஓட்டுநர்கள் என எல்லாரும் வந்து சேர்கிறார்கள். பிறகு வரும் பொதுச் சரக்கு நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டின் மேல் குறைந்த செலவில் அமர்ந்துகொள்கின்றன. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் தன் சரக்குப் பிரிவின் ஐரோப்பிய மையமாக லியேஜைத் தேர்ந்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பூக்கள் அங்கே இறங்குவதும் அப்படித்தான்.

இரவுக்கான அனுமதி, அதை வாங்கும் முதல் பெரிய நிறுவனம், இவ்விரண்டும் சேர வேண்டும் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

பதிவு 5 · பழைய கிடங்கன்

ஹானைப் பற்றி இன்னொன்று. அது மலைப்பாங்கான பகுதியில், பெரிய முகவர்களின் கிடங்குகளிலிருந்து தொலைவில் இருக்கிறது. வெளியாட்கள் பலருக்குத் தெரியாத உண்மை, வான்சரக்கில் பெரும்பகுதி தன் பயணத்தின் ஒரு பகுதியையாவது லாரியில்தான் கழிக்கிறது என்பது. ஐரோப்பாவில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு ஓடும் லாரிக்கு விமான எண்ணே தரப்படுகிறது. சரக்குச் சீட்டில் அது ஒரு விமானம்போலவே பதிவாகும். இரவு 2 மணிக்கு லியேஜில் இறங்கிய பேலட் விடிவதற்குள் அத்தகைய லாரியில் ஆம்ஸ்டர்டாமையோ பிராங்க்பர்ட்டையோ அடைந்துவிடும். சரக்கு மையத்தைத் தேடுகிறவர் வானத்தைப் பார்ப்பதற்கு முன் சாலை வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்பித்தவர் சொல்வார்.

பதிவு 6 · அல்லி

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். இரவைத் தருவது, இரவை வாங்குவது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். தந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

சரக்கு மையமாக வளர்ந்த ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை முனையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. நாங்கள் குடிபோனபோது அங்கே இரவில் இரண்டு மூன்று விமானங்கள் இறங்கின. ஒன்பதாம் ஆண்டில் சில இரவுகளில் நான் எண்ணியவை நாற்பதுக்கு மேல். கைக்குழந்தையோடு இருந்த காலத்தில், அவள் கண்ணயர்ந்த பத்தாவது நிமிடத்தில் சாளரக் கண்ணாடி அதிரும், அவள் விழிப்பாள், மீண்டும் தூங்கவைப்பதற்குள் அடுத்தது வரும். எங்களிடம் வந்து எவரும் எதையும் கேட்கவில்லை. அனுமதி ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பில் கையெழுத்தானது. முறையீடு எழுதினால் அளவீட்டுக் கருவியின் ஆண்டுச் சராசரியைப் பதிலாக அனுப்பினார்கள். தூங்கும் மனிதரை எழுப்புவது சராசரி அன்று, தலைக்கு மேல் போகும் அந்த ஒரு விமானம்தான்.

உலக நலவாழ்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வானூர்தி ஓசை இரவில் சராசரியாக 40 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது. பெரிய சரக்கு மையம் ஒன்றைச் சுற்றி வாழும் எத்தனை பேருக்கு அந்த இரவு வாய்க்கும்? நான் வளர்ச்சிக்கு எதிரானவள் இல்லை. என் மருந்தும் ஒருநாள் இரவு விமானத்தில் வந்திருக்கலாம். ஆனால் "ஊர் தன் இரவைத் தரச் சம்மதித்தது" என்ற சொற்றொடரை நெய்தல் அவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

பதிவு 7 · மன்றவாசல்

அல்லி அம்மையாரின் கேள்விக்குச் சட்டம் தந்திருக்கும் விடை மனநிறைவு தருவதாக இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்கிறேன். லண்டன் ஹீத்ரோவின் இரவு விமானங்களை எதிர்த்து அருகில் வாழ்ந்தோர் தொடுத்த ஹாட்டன் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிற்றமர்வு 2001இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; வீட்டு வாழ்க்கைக்கான உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. 2003இல் பேரமர்வு அந்த முடிவை மாற்றியது. நாட்டின் பொருளாதார நலனையும் குடியிருப்போரின் உறக்கத்தையும் எடைபோடும் உரிமையில் அரசுக்குப் பெரிய இடம் உண்டு என்பதே அதன் சாரம்.

ஆனால் அரசுகள் வேறுவேறு விதமாக எடைபோட்டிருக்கின்றன. சரக்கு வரைபடத்தை மாற்றியது அதுதான். டிஎச்எல் என்ற கூரியர் நிறுவனம் பிரசெல்ஸில் தன் இரவு விமானங்களைப் பெருக்க அனுமதி கேட்டது. 2004இல் பெல்ஜிய அரசோடு அந்தப் பேச்சு முறிந்ததும் அது ஜெர்மனியின் லைப்சிக்/ஹாலே நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, 2008இல் அங்கே தன் ஐரோப்பிய மையத்தைத் தொடங்கியது. அங்கே 3,600 மீட்டர் நீளமுள்ள இரண்டு இணை ஓடுபாதைகளும் விரைவுச் சரக்குக்கான இரவு அனுமதியும் கிடைத்தன. அதே ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்கு 2011 அக்டோபர் முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை தடை வந்தது. 2012 ஏப்ரலில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த நீதிமன்றம் அமர்ந்திருக்கும் நகரம் லைப்சிக் என்பதை இந்த இழையில் குறிப்பிடத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. லைப்சிக்கின் தெற்கு ஓடுபாதைக்காகப் பொதுப்பணத்திலிருந்து தரப்பட்ட 35 கோடி யூரோவை ஐரோப்பிய ஆணையம் 2008 ஜூலையில் ஏற்றது; ஆனால் டிஎச்எல்லுக்கு, லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநில அரசும் நிலையமும் அளித்திருந்த நீண்டகால உத்தரவாதங்களை ஏற்க மறுத்தது. ஆக, ஒரு நிறுவனத்தை ஈர்க்க அரசுகள் எந்த அளவு வரை இறங்கிப் போகின்றன என்பது அந்தக் கோப்பில் எழுத்திலேயே இருக்கிறது.

பதிவு 8 · நெய்தல்

அல்லி அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவை மீண்டும் படித்தேன். "சம்மதித்ததா" என்று நான் எழுதியது தவறு. வட்டார அரசு சம்மதித்தது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஊரும் அரசும் ஒன்றல்ல என்பதை நீங்கள் சொல்லித்தான் நான் உணர்ந்தேன், மன்னிக்க வேண்டுகிறேன்.

லியேஜில் வலோனிய அரசு அதற்கு ஒரு விலை கொடுக்க முயன்றது. நிலையத்தைச் சுற்றிய பகுதியை ஓசையின் அளவுப்படி நான்கு வட்டங்களாகப் பிரித்து, மிகுந்த ஓசை உள்ள வட்டங்களில் வீட்டை விற்க விரும்புவோரிடமிருந்து அரசே வாங்கிக்கொள்ளவும், மற்ற வீடுகளுக்குக் கூரையையும் சாளரங்களையும் ஓசை புகாதபடி மாற்றித்தரவும் திட்டம் வகுத்தது. இது சிறிய காரியமன்று. ஆயினும் கோடையில் சாளரத்தைத் திறந்து தூங்க விரும்புகிறவருக்கு இரட்டைக் கண்ணாடியால் என்ன பயன் என்று அங்குள்ளோர் எழுப்பும் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

2022இல் நிலையத்தின் அனுமதி புதுப்பிக்கப்பட்டபோது ஆண்டுக்கு 50,000 விமான இயக்கங்கள் என்ற உச்சவரம்பு முதன்முறையாக விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2023 சனவரியில் அது 55,000 ஆக உயர்த்தப்பட்டது. வளர்ச்சிக்குக் கழுத்தில் கயிறு என்று நிலையத்தின் தரப்பும், இது கட்டுப்பாடே இல்லை என்று குடியிருப்போர் தரப்பும் அதை எதிர்த்தன.

பதிவு 9 · தராசு

உறக்கத்தின் விலையைப் பேசுகிறீர்கள். வேலைவாய்ப்பின் உறுதியையும் பேச வேண்டும், ஏனெனில் அனுமதி கேட்கும் ஒவ்வொரு மேடையிலும் முன்வைக்கப்படுவது அதுதான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வில்மிங்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 12,000 அளவில். பழைய வான்படைத் தளத்தில் ஏர்போர்ன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் மையத்தை வளர்த்தது. 2003இல் டிஎச்எல் அதை வாங்கியது. 2008 நவம்பரில், அமெரிக்காவுக்குள் நடத்தும் சேவையைக் கைவிடுவதாக டிஎச்எல் அறிவித்தது. அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 8,000 பேரின் வேலை போயிற்று. ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் அதே மையத்தில் வேலை பார்த்திருந்தால், ஒரே வாரத்தில் இரண்டு சம்பளமும் நின்றுவிடும். ஓடுபாதை அங்கேயேதான் இருந்தது. இரவு அனுமதியும் இருந்தது. 2010இல் நிலையத்தையே டிஎச்எல் அந்த மாவட்டத் துறைமுக ஆணையத்துக்குக் கொடையாகத் தந்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அமேசானின் சரக்கு விமானங்கள் அங்கே பறக்கத் தொடங்கியபோது ஊர் மீண்டும் மூச்சுவிட்டது. ஆனால் அமேசான் தன் பெரிய மையத்தைச் சின்சினாட்டி நிலையத்தில் கட்டி 2021இல் திறந்தது.

லியேஜும் இதைச் சுவைத்திருக்கிறது. 2016இல் ஃபெடெக்ஸ் டிஎன்டியை வாங்கியது. ஃபெடெக்ஸின் ஐரோப்பிய மையம் ஏற்கெனவே பாரிஸில் இருந்தது. இரண்டு மையங்கள் எதற்கு என்ற கேள்விக்கு 2021 தொடக்கத்தில் விடை வந்தது: பாரிஸ் முதன்மை மையம், லியேஜ் துணை மையம், லியேஜில் 671 பணியிடங்கள் நீக்கம். கவனியுங்கள், அதே 2021தான் லியேஜ் 14 லட்சம் டன்னைத் தொட்ட ஆண்டு. டன் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே வேலை போகலாம். ஒரே கொழுகொம்பைப் பற்றி ஏறிய கொடியின் நிலை அது.

பதிவு 10 · பழைய கிடங்கன்

தராசு தம்பி சொன்னது உண்மை. ஆனால் லியேஜ் வில்மிங்டன் ஆகாமல் தப்பியதற்குக் காரணம், அந்த இருபது ஆண்டுகளில் அது வேறு கொம்புகளையும் நட்டுவைத்ததுதான். எத்தியோப்பியன், கத்தார் போன்ற நிறுவனங்களின் சரக்கு விமானங்கள் அங்கே வந்தன. 2018 டிசம்பரில் சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் சரக்குப் பிரிவான சைனியாவ் ஒப்பந்தம் செய்து, 2,20,000 சதுர மீட்டர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 2021 நவம்பரில் 30,000 சதுர மீட்டர்க் கிடங்கோடு முதல் கட்டத்தைத் திறந்தது.

வேலையைப் பற்றி ஒரு சொல். இரவுப் பிரிப்புக் கூடத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். நான்கு மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் உடம்பு எதற்கும் உதவாது. அத்தகைய வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் யூபிஎஸ் கூரியர் நிறுவனம் இதே சிக்கலில் மாட்டியபோது, 1998இல் லூயிவில் பல்கலைக்கழகத்தோடும் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியோடும் சேர்ந்து மெட்ரோபாலிட்டன் காலேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரவில் பெட்டி பிரிப்பவர் பகலில் படிக்கலாம். படிப்புக் கட்டணத்தை நிறுவனமும் அரசும் ஏற்கும். சரக்கு மையம் ஒன்று ஊருக்குத் தந்த நன்மைகளில் நான் மனமார மதிக்கும் ஏற்பாடு அது. வேலை எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், அந்த வேலையிலிருந்து ஒருவர் எங்கே போக முடியும் என்றும் அனுமதி தருவோர் கேட்க வேண்டும்.

பதிவு 11 · குறிஞ்சி

சைனியாவ் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 2021இன் 14 லட்சம் டன்னை வளர்ச்சியின் இயல்பான படி என்று எடுத்துக்கொள்வது பிழை. உலக வான்சரக்கில் ஏறத்தாழப் பாதி பயணி விமானங்களின் வயிற்றறையில், அதாவது இருக்கைகளுக்குக் கீழே உள்ள அறையில், போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த விமானங்கள் தரையில் நின்றன. சரக்கு விமானங்கள் மட்டுமே பறந்தன. அவற்றை வரவேற்ற நிலையங்கள் வீங்கின. பயணி விமானங்கள் திரும்பியதும் 2023இல் லியேஜ் 10 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. வீக்கத்தைப் பார்த்துவிட்டு 2021இல் கிடங்கு கட்டத் தொடங்கியவர்கள் 2023இல் என்ன செய்திருப்பார்கள்?

இன்னொரு பகுதி சீன இணைய வணிகம். 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்த குறைந்த மதிப்புப் பொதிகள் 460 கோடி. அவற்றில் பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை என்று ஐரோப்பிய ஆணையமே கூறுகிறது. 150 யூரோவுக்குக் குறைந்த பொருளுக்குச் சுங்கவரி இல்லை என்ற விதிதான் இதைத் தாங்கியது. அந்த விலக்கை நீக்க 2025 நவம்பரில் உறுப்பு நாடுகளின் நிதி அமைச்சர்கள் உடன்பட்டார்கள். அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025இலேயே நிறுத்திவிட்டது. ஒரு வரி விதியின் மேல் கட்டிய சரக்கு மையம் அந்த விதியோடு சேர்ந்து ஆடும்.

பதிவு 12 · வெண்ணிலா

இதுவரை படித்துவந்த எனக்கு ஒரு கேள்வி. வட்டார நிலையம் ஒன்று வளர்ந்த பெருநிறுவனத்தைத் தேடாமல், வரி விதிகளையும் நம்பாமல், சரக்கை மெல்லமெல்ல வளர்க்க விரும்பினால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? பெரும்பாலும் பிரம்மாண்டமான சரக்கு முனையத்தின் படத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

பதிவு 13 · பழைய கிடங்கன்

முனையம் கடைசியில் வரட்டும், அம்மா. முதலில் வேண்டியவை மனிதர்களும் அதிகாரங்களும்.

பூக்களும் காய்கனிகளும் இறங்க வேண்டுமானால் பயிர்நோய் ஆய்வாளர் அங்கேயே இருக்க வேண்டும். இறைச்சியும் மீனும் வர வேண்டுமானால் கால்நடை மருத்துவரோடு கூடிய எல்லைச் சோதனை நிலையம் வேண்டும்; அந்த அனுமதி இல்லாத நிலையத்தில் எவ்வளவு பெரிய குளிரறை இருந்தாலும் ஒரு பெட்டி மீன் இறங்க முடியாது. சுங்க அலுவலர் வெள்ளிக்கிழமை மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டால், சனிக்கிழமை இறங்கும் ரோஜா திங்கட்கிழமை குப்பைக்குப் போகும். விமானத்தின் கதவு திறந்ததிலிருந்து குளிரறைக் கதவு மூடும் வரை வெயிலில் கழியும் நிமிடங்களைக் கடிகாரம் வைத்து எண்ணும் நிலையத்தை முகவர்கள் ஒருமுறை கண்டுகொண்டால் விடமாட்டார்கள்.

லியேஜில் குதிரைகளுக்கென்றே ஒரு லாயம் இருக்கிறது. பந்தயக் குதிரையும் போட்டிக் குதிரையும் விமானத்துக்கு முன்னும் பின்னும் அங்கே தங்கும், மருத்துவர் பார்ப்பார், பராமரிப்பவர் உடன் பறப்பார். குதிரைகளின் எடையை நிலையத்தின் மொத்த டன்னோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் விலைமதிப்பற்ற உயிரைப் பத்திரமாக ஏற்றி இறக்கும் இடம் என்ற பெயர் வேறு பல சரக்குகளைக் கூட்டிவரும். பெரிய நிலையம் கவனிக்க நேரமில்லாத சரக்கைத் தேடி எடுப்பதுதான் சிறிய நிலையத்தின் வழி. உலக வணிகத்தில் எடைக் கணக்கில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும் வான்சரக்கு மதிப்புக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதை மறக்கக்கூடாது. டன்னைத் துரத்துவதைவிட மதிப்பைத் துரத்துவது மேல்.

பதிவு 14 · மன்றவாசல்

அல்லி அம்மையார் மீண்டும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். லண்டன் நிலையங்களில் 1993 முதல் இரவுக்கு ஓசைப் புள்ளி முறை இருக்கிறது. ஒவ்வொரு விமான வகைக்கும் அதன் சான்றளிக்கப்பட்ட ஓசைக்கேற்பப் புள்ளி தரப்படும். 3 டெசிபல் கூடினால் புள்ளி இரட்டிக்கும். ஒரு பருவத்துக்கு இத்தனை புள்ளிகள்தான் என்று வரம்பு உண்டு. பழைய 747-400 சரக்கு விமானத்தை விட்டு ஓசை குறைந்த 777 சரக்கு விமானத்துக்கு மாறும் நிறுவனத்துக்கு அது நேரடியாகப் பயன் தரும். இத்தகைய முறையை அம்மையார் ஏற்பாரா?

பதிவு 15 · அல்லி

கேட்டதற்கு நன்றி. புள்ளி முறையை எதிர்க்கவில்லை. ஆனால் அதில் ஓசை குறைந்த விமானம் வந்தால் எண்ணிக்கை கூடிவிடும். ஒருமுறை பலமாக எழுப்பப்படுவதற்குப் பதில் இரண்டு முறை மெல்ல எழுப்பப்படுவேன், அவ்வளவுதான்.

நான் வேண்டுவது இடைவெளி. கிடங்கன் ஐயா தம் முதல் பதிவில், பொதுச் சரக்குக்கு நள்ளிரவு கட்டாயமில்லை என்று எழுதினார். இத்தனை ஆண்டுகளில் எந்தக் கூட்டத்திலும் அதிகாரிகள் எங்களிடம் அந்த வேறுபாட்டைச் சொன்னதில்லை. எல்லாச் சரக்கும் இரவில்தான் பறந்தாக வேண்டும் என்றே சொன்னார்கள். விரைவுச் சரக்குக்கு இரவு வேண்டும் என்றால் அதற்கு மட்டும் தாருங்கள். விமானங்கள் வந்திறங்கி முடிந்து, பெட்டிகள் பிரிந்துகொண்டிருக்கும் அந்த நடு நேரத்தில், 1 மணி முதல் 3 மணி வரை, எதுவும் இறங்கவோ ஏறவோ கூடாது என்று எழுதிவையுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கிய தாயும் குழந்தையும் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பதிவு 16 · பழைய கிடங்கன்

அல்லி அம்மா, நீங்கள் கேட்பது தொழில்முறையில் பெரும்பாலும் இயலக்கூடியதே. விரைவு மையத்தின் வருகை அலைக்கும் புறப்பாட்டு அலைக்கும் நடுவே ஓடுபாதை இயல்பாகவே ஓய்ந்திருக்கும்; அந்த இடைவெளியில் இறங்குபவை பெரும்பாலும் பொதுச் சரக்கு விமானங்கள். அவற்றில் சில, புறப்பட்ட நாட்டில் கிடைத்த ஸ்லாட்டின் காரணமாகவே அந்நேரம் வருகின்றன. அவற்றை நகர்த்த இரு முனைகளிலும் பேச வேண்டும், ஒரு பருவமாவது ஆகும். மற்றவை பகலுக்கு மாறலாம். மாறாமல் இருப்பதற்குக் காரணம், மாறச் சொல்லி எவரும் கேட்காததும், இரவுக் கட்டணம் பகலைவிடப் போதிய அளவு உயர்வாக இல்லாததும்தான்.

அடுத்த அட்டவணைக் கூட்டத்துக்கு முன் உங்கள் பகுதியினர் எழுத விரும்பினால், விமான எண்ணையும் இறங்கிய நேரத்தையும் ஒரு மாதம் குறித்துவைத்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். எவை விரைவுச் சரக்கு, எவை பொதுச் சரக்கு என்று நான் பிரித்துத் தருகிறேன்.